போச்சுது அண்ணனும் மூன்று நகல்களும்

நாளைக்கு வரப்போகிற கெடுதலுக்கு இன்றைக்கே மூன்று நகல் எடுத்து வைத்திருந்த மனிதர் இந்தப் பினாங்குத் தீவில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரை மாதாமாதம் சம்பளச் சீட்டில் தட்டச்சு செய்தவள் நான். ஆனாலும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அந்தக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் “அது யாரு?” என்றுதான் கேட்பார்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் போச்சுது அண்ணன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜார்ஜ் டவுன் கரையோரத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. முதலாளி சீனத் தவுக்கே, மேனேஜர் நம் ஆள், நான் தட்டச்சுக் குமாஸ்தா, அங்கே கிராணி என்பார்கள். அண்ணனுக்குக் கேமரா அறை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் வீடு. காலையில் ஃபெரியிலிருந்து இறங்கி வந்து அறைக்குள் போவார். ஐந்து நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு கதவு வழியாகத் தலை மட்டும் வெளியே வரும்.

“போச்சுது.”

அதைக் காதால் கேட்ட பிறகுதான் நாங்கள் பசியாறப் போவோம்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மூடிப்போன ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து தவுக்கே மலிவாக அள்ளிக்கொண்டு வந்த ரெக்கார்டர் அது. ஒரு நாள் முழுவதையும் ஒரே டேப்பில் அடக்க வேண்டும் என்பதற்காக விட்டு விட்டுத்தான் படம் பிடிக்கும். அதில் யாரும் நடக்க மாட்டார்கள், தத்தித் தத்திப் போவார்கள். சிவப்பு விளக்கு எரியும், டேப் சுற்றும், மறுநாள் போட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளைப் புள்ளி மழை பெய்யும். சில நாள் டேப்பை மென்று துப்பும். கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் தேதி பத்து வருடம் பின்னால் போய்விடும். புதிது வாங்கச் சொன்னால் தவுக்கே, “சிவப்பு லைட் எரியுதுதானே?” என்பார்.

இதற்கு மேல் கம்பெனி விதி ஒன்று. டேப் மொத்தம் முப்பது. முப்பத்தோராம் நாள் முதல் டேப்பின் மேலேயே மறுபடி பதிய வேண்டும். இந்த விதியைப் பற்றிப் பேசினாலே அண்ணனுக்கு மூச்சு வாங்கும்.

“விளங்குதோ பிள்ளை? சாமான் குறைஞ்சது எண்ணினால்தான் தெரியும். இவங்கள் எண்ணுறது மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. டேப் இருக்கிறது ஒரு மாசம். ரெண்டு மாசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் களவெடுத்தவன் உத்தமன்.”

“நம்ம கிடங்குல யாருலா அண்ணே திருடப் போறா?”

“திருடேல்லை எண்டு காட்டுறதுக்கும் டேப் வேணும் எல்லே?”

அப்போது நான் சிரித்தேன். அந்தக் காலத்தில் அவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி செய்யாததை அவரே செய்தார். அன்றன்றைய டேப்பை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியெடுப்பார். அவர் வீட்டில் வீடியோ டெக் நான்கு, நாற்காலி இரண்டு. ஒரு டெக்கில் டேப் ஓடும், மற்ற மூன்றும் அதைப் பார்த்துப் பதியும். முழுதாக ஓடி முடிய மூன்று மணி நேரம். இயந்திரத்தை நம்ப முடியாது என்பதால் அந்த மூன்று மணி நேரமும் கண்கொட்டாமல் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு நகல் வீட்டில், ஒன்று கேமரா அறைப் பெட்டியில், ஒன்று சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அக்கா வீட்டில். “தீவு கடலுக்குள்ள தாண்டாலும் பட்டர்வொர்த் இருக்கும். பட்டர்வொர்த்தும் தாண்டால் அக்கா இருக்கிறா” என்பார்.

இப்படி எல்லாரையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் என்னை வழிமறித்தார். “பிள்ளை, போன மாசம் மட்டும் நாலு தரம் குடையை விட்டிட்டுப் போனனீர். நாலு தரமும் திரும்பி ஓடி வந்தனீர். ஏன் உந்த அலைச்சல்?” அவர் தன்னையும் விடவில்லை. நாலாவது கேமராவைத் தன் அறைக் கதவைப் பார்த்தே திருப்பி வைத்திருந்தார். கேட்டால், “என்னையும் ஆரும் பாக்க வேணும் எல்லே?” என்றார்.

ஃபெரியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்ஜினில் இருக்கிற காந்தம் டேப்பை அழித்துவிடுமாம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகின் ஓரத்தில் கடலைப் பார்த்து நிற்பார். கடல் காற்றில் உப்பு இருக்கிறதே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பையின் மேல் ஒரு மழைக்கோட்டு. வீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க டேப்புகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். சோற்றில் பிளாஸ்டிக் மணக்கிறது என்று அவர் மனைவி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாராம்.

இவ்வளவு டேப்புக்கு எங்கே போவது? இழுத்து மூடிய வீடியோ கடைகளில் பழைய படங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, அதன் மேலேயே பதிவார். ஒரு சமயம் லாரி ஒன்று கிடங்குக் கேட்டை இடித்துவிட்டுப் போய்விட்டது. கம்பெனி டேப்பைப் போட்டதுமே மெஷின் மென்று துப்பியது. அண்ணன் வெற்றிநடை போட்டுத் தன் பெட்டியிலிருந்த நகலைக் கொண்டுவந்தார். மேனேஜர், தவுக்கே, நான், எல்லாரும் டிவி முன்னால். லாரி தத்தித் தத்தி வந்தது. கேட்டை நெருங்கியது. நம்பர் பிளேட் தெரியப்போகிற நேரத்தில் ஒரு கதாநாயகி மரத்தைச் சுற்றி ஓடினாள்.

“போச்சுது” என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் டேப்பை ஓடவிட்ட டெக்கே அந்த இடத்தில் அதை மென்று பதிவு நின்றுபோனதால், மற்ற இரண்டு நகலிலும் அங்கிருந்து பழைய படம்தான். தவுக்கே மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு மாலை அண்ணன் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். “பதிஞ்சால் அழியும். அழியாட்டில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடிக்காட்டில், போட்டுப் பாக்க மெஷின் இராது. ஒண்டும் நிக்காது பிள்ளை” என்றார். இதற்கு நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் கிடங்கில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். ஃபோர்க்லிஃப்ட்டுகளுக்கு மாலை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துத் துணி போட்டு மூடிவிடுவேன். மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடக்கூடாது. தவுக்கேகூட இரண்டு பெட்டி ஆரஞ்சு வாங்கிக் கொடுப்பார். அந்த ரெக்கார்டர் மட்டும் எந்த வருடமும் நின்றதில்லை.

அந்த வருடம் பூஜைக்கு முந்தின ஒரு மாதம் அது ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. அண்ணனுக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது. பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“ஒரு மாசமா சொன்ன பேச்சு கேட்டு ஓடுது. ஒரு நாள் ரெஸ்ட் குடுங்கண்ணே. அதுவும் ஆயுதம்தானே? பாவம்லா.”

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் இயந்திரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, நான் நினைத்தே பார்க்காத விதமாக, விரலை நீட்டி நிறுத்தினார். நான் கொடுத்த சந்தனத்தை அதன் பக்கவாட்டில் பதமாகத் தடவினார்.

“ஓம். ஆறட்டும்” என்றார்.

இரண்டு மாதம் கழித்து பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய ரேடியோ பாகங்களில் நான்கு பெட்டி குறைகிறதாம். அந்தச் சரக்கு எங்களிடம் வந்தது பூஜையன்று பிற்பகல், லாரிக்காரர்களே கையால் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே போனது மறுநாள் காலை. கம்பெனி டேப்பில் அந்த நாள் எப்போதோ அழிந்துபோயிருந்தது. தவுக்கே தானே கேமரா அறைக்கு ஓடினார். “அண்ணே! உங்க டேப் கொண்டு வாங்க!” என்றார் உடைந்த தமிழில்.

எத்தனை வருடமாக அந்த மனிதர் காத்திருந்த வார்த்தை! அவரிடம் எல்லா நாளும் இருந்தது, அந்த ஒரு ராத்திரி மட்டும் இல்லை. போச்சுது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெஷினில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுப்பையா மேல் விழுந்தது. பூஜையன்று பிற்பகல் பொரி, கடலைத் தட்டோடு அவர் கேமரா அறைக்குள் போனதைக் காவலாளி பார்த்திருந்தார். உள்ளே போய் மெஷினை நிறுத்திவிட்டுத் திருடியிருக்கிறார் என்றார் மேனேஜர். திருடன் என்ற பெயரோடு வெளியே போனால் சுப்பையாவைத் துறைமுகத்தில் எந்தக் கிடங்கும் சேர்க்காது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் நான் அண்ணனிடம் போனேன்.

“மெஷின் போச்சுதுன்னு சொல்லிருங்கண்ணே. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க.”

“அப்ப சுப்பையா? அவன்தான் உள்ளுக்கு வந்து பழுதாக்கினவன் எண்டு சொல்லுவாங்கள் எல்லே?”

நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அண்ணன் உண்மையைச் சொன்னால் யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள், என் பெயர் வரும். என் பயமெல்லாம் அதுதான். நான் கோழை.

விசாரணையில் குறிப்பெடுக்க என்னையே உட்கார வைத்தார்கள்.

“மெஷின் போகேல்லை சேர்” என்றார் அண்ணன். “சுப்பையா வரேக்க அது நிண்டு போய்த்தான் இருந்தது. நான் நிப்பாட்டினனான்.”

“யாரு சொல்லி நிறுத்தினீங்க?” என்றார் மேனேஜர்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கே இரக்கம் வந்தது.”

“மெஷின் மேலயா?”

“ஓம் சேர்.”

“நிறுத்துற வரைக்கும் ஓடின டேப் இருக்குமே? அதோட காப்பி எங்க?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “அது போச்சுது” என்றார்.

எனக்கே இரக்கம் வந்தது என்பதை நான் எழுதினேன். போச்சுது என்பதையும் எழுதினேன். என் பேனா எங்கேயும் நிற்கவில்லை. சுப்பையாவை விட்டுவிட்டார்கள். அண்ணனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலைநீக்கக் கடிதத்தையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.

அடுத்த மாதமே நான்கு பெட்டிகளும் கிடைத்தன. மாக் மண்டின் தொழிற்சாலையின் மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தனவாம். அண்ணனைத் திரும்பக் கூப்பிடலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன். கேமரா அறைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். பெட்டி கிடைத்த செய்தியைச் சொன்னேன். “அது போகட்டும். அந்த மெஷின் ஓடுதோ?” என்று கேட்டார்.

“அண்ணே, அன்னைக்குக் காலை டேப், அது நெசமாவே அழிஞ்சிருச்சா?”

“அழிஞ்சுது” என்றார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அழிஞ்சதோ? இவர் எல்லோ அழிச்சவர்! கந்தோரில கேமரா அறைப் பெட்டியில கிடந்ததையும் எடுத்துக்கொண்டு வந்து, விசாரணைக்கு முதல் நாள் சுங்கைப் பட்டாணிக்கும் பஸ் ஏறிப் போய், மச்சாளிட்டை இருந்ததையும் அழிச்சிட்டு வந்தவர். பிறகு மூண்டையும் மூண்டு மூண்டு தரம் போட்டுப் பாத்தவர், உண்மையா அழிஞ்சுதோ எண்டு. மெஷினை நம்பேலாதாம்!”

அந்த டேப்பில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நாலாவது கேமரா, அவர் அறைக் கதவு, சந்தனக் கிண்ணத்தோடு தத்தித் தத்தி உள்ளே போகிற நான். அதோடு டேப் நின்றுவிடும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்னாலதானேண்ணே” என்றேன்.

“விடும் பிள்ளை. ஒரு மாசமா நல்லா ஓடினது. ஒரு நாள் ஆறினதில என்ன?” என்றார். ஆரஞ்சை உரித்து எனக்கே பாதி கொடுத்தார்.

எழுந்து வாசலுக்கு வந்து தெருமுனையைத் தாண்டியிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். அண்ணன் நனைந்துகொண்டே ஓடி வந்தார், கையில் என் குடை.

“அஞ்சாம் தரம்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குடையை நான் எங்கேயும் மறந்துவிட்டு வந்ததில்லை.