மாப்பிள்ளை செய்த சத்தமும் அத்தையின் மௌனமும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் அத்தையும் நலம் என்றே தோன்றுகிறது. அவள் வாயால் கேட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. அங்கு நீங்களும் என் மகளும் நலமாகவும், முக்கியமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனால்தான் எனக்கு இந்த கதி. அன்று நீங்கள் போனில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரே ஒரு விஷயத்தால் உங்கள் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளையைக் குறை சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகவே குறை எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். குறை யாருடையது என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் நாடகக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் புது மாப்பிள்ளையாக வந்திருந்தபோது உங்கள் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்து, அதிலிருந்த சிந்தசைசர் மென்பொருளில் உங்கள் கையாலேயே ஒரு சத்தத்தையும் செய்து கொடுத்தீர்கள். பாதி புல்லாங்குழல், பாதி ஜன்னல் இடுக்கில் நுழைகிற காற்று. எங்கள் குழுத் தலைவர் அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா சாகிற சீனுக்கு இனிமே இதுதான்யா" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த அம்மா செத்தபோதெல்லாம் சபையில் அழாதவர்கள் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அந்த அம்மா கடைசி வார்த்தையைச் சொல்லி, கண்ணை மூடி, நான் கட்டையை அழுத்துகிற நேரம் பார்த்து உங்கள் லேப்டாப், புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று நீலத் திரையில் எழுதிக் காட்டியது. நான் அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை. சத்தம் வந்தால்தான் தலையைச் சாய்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்ததால் அவர் சாகவும் முடியாமல், எழுந்திருக்கவும் முடியாமல் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். நாடகம் முடிந்ததும் தலைவர் என் தோளில் கைபோட்டு, ரொம்ப அன்பாக, "இன்னொரு தரம் இப்படி நின்னுச்சுன்னா உங்க சீட்ல ஒரு பென் டிரைவை உக்கார வெச்சிடுவேன். அது டீ கூடக் கேக்காது" என்றார்.

உடனே உங்களுக்குத்தான் போன் செய்தேன். நீங்களும் பதறாமல், "லேப்டாப்பை மேடைக்கே கொண்டு போகாதீங்க மாமா. அந்தச் சத்தத்தைக் கட்டை கட்டையா பதிஞ்சு உங்க சாம்ப்ளர் கீபோர்டுல ஏத்திடுங்க. எல்லாக் கட்டையும் வேணாம், ரெண்டு விட்டு ஒண்ணு போதும், நடுவுல இருக்கிறதை கீபோர்டே இழுத்து நிரப்பிக்கும். ஒவ்வொண்ணையும் மெதுவா ஒரு தரம், நடுத்தரமா ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். சின்ன வேலை" என்றீர்கள்.

சின்ன வேலை! பதிவு என்றால் அமைதி வேண்டும் என்று நினைத்தேன் மாப்பிள்ளை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் வாசித்திருக்கிறேன். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் இருமல்கூட தொண்டைக்குள்ளேயே நிற்கும். நம் வீட்டில் சிவப்பு விளக்கு இல்லாததால் உங்கள் அத்தையின் தையல் துணியில் சிவப்பாக ஒரு துண்டு எடுத்து அறைக் கதவில் தொங்கவிட்டேன். அது தொங்கினால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சட்டம் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். மாடி வீட்டுக்காரரிடம் போய் கொஞ்ச நாளைக்கு நுனிக்காலில் நடக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்தினார், அதையும் கொஞ்சம் மெதுவாகச் சாத்தியிருக்கலாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தையல் மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம், சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. உங்கள் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க சீட்டு போயிடும்னு சொல்றீங்க, அதனாலதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெஷினை மூடி வைத்து, கையாலேயே பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். துணி வாங்க வந்தவர்களிடம் நான் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் சத்தமோ லேசில் அடங்குவதாக இல்லை. ஒரு கட்டையை அழுத்தி விட்டால் காற்று சுற்றிச் சுற்றி, போகிறேன் போகிறேன் என்று விருந்தாளி மாதிரி வாசலிலேயே நிற்கிறது. அது முழுக்க ஓய்கிற வரை வியர்த்து வழிய உட்கார்ந்திருக்க வேண்டும். பதிந்து முடித்துக் கேட்டால் ஒவ்வொன்றிலும் பின்னால் டக் டக் டக் என்று ஒரு சத்தம். தாளம் காட்டுகிற மெட்ரோனோமை அணைக்க மறந்திருக்கிறேன்! மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கடிகாரக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். சிவப்புத் துணியை மறுபடி மாட்டும்போது உங்கள் அத்தை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டாள். அதற்கும் உதட்டில் விரலை வைத்துத்தான் பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த விரலைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கிறது.

பிறகு வெட்டுகிற வேலை. முன்னால் இருக்கும் வெற்றிடத்தை வெட்ட வேண்டும். விரலை எடுக்காமல் இருந்தால் சத்தம் சுற்றிச் சுற்றித் தொடர்ந்து வர நடுவில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டு சரியாக உட்காராவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் காற்றுக்கு விக்கல் எடுத்தது. கண் பூத்துப் போய் எப்படியோ முடித்து, கீபோர்டில் ஏற்றி, ஒத்திகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா கண்ணை மூடினார். நான் அழுத்தினேன். எருமை கத்தியது. புல்லாங்குழல் இல்லை, காற்று இல்லை, தொண்டை கட்டின எருமை! செத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு மறுபடி போன். கீபோர்டில் இரண்டு கையும் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் நான் செய்த பிழை. நீங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள்: "கட்டைக்கு நம்பர் போடறதுல ரெண்டு கம்பெனிக்கும் ஒரு ஸ்தாயி வித்தியாசம் மாமா. எல்லாத்தையும் மொத்தமா ஒரு ஸ்தாயி மேல தள்ளிடுங்க." எனக்குப் போன உயிர் வந்தது. அதோடு போனை வைத்திருக்கக் கூடாதா? வாய் சும்மா இருக்கவில்லை. "பேன், பிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாத்தையும் நிறுத்தி, ஒரு ஈயைக்கூடப் பறக்கவிடாம பதிஞ்சிருக்கேன் மாப்பிள்ளை" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஐயோ மாமா, அதெல்லாம் எதுக்கு? சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளயே பொறந்து உள்ளயே பதியுது. பக்கத்துல லாரி ஹாரன் அடிச்சாக்கூட அதுல விழாது."

உங்கள் அத்தை எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தைத்த சட்டை. நீங்கள் போனை வைத்ததும், "அப்ப நான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தது?" என்று கேட்டாள். மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கில் என்ன புகுந்ததோ தெரியவில்லை, "அதுவும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று அசடு வழிந்தேன். "சரி. இனிமேலும் நல்லாவே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மட்டும் பேச்சு இல்லை. சட்டை வாங்க வருகிறவர்களிடம் பேசுகிறாள். உங்கள் மனைவியிடம் போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள். அடிப்பிடித்த பாத்திரத்தோடு பேசுகிறாள், அறுந்த நூலோடு பேசுகிறாள். நான் உள்ளே நுழைந்தால் ரேடியோவை அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, நேரத்துக்குத் தட்டு வந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டட்டும் என்று ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுப் பார்த்தேன். எடுத்துக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள். செருப்போடு கூடத்தில் நடந்தேன். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். மாப்பிள்ளை, எனக்கு அழுகையாக வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து இவளுடைய பேச்சைப் பின்னால் ஓடுகிற சத்தமாகவே வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அது நின்ற பிறகு காதுக்குள் ஏதோ இடிந்து விழுந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் செய்த அந்தக் காற்றுச் சத்தத்தை வாசிக்கக்கூட மனம் வரவில்லை. பென் டிரைவே என் சீட்டில் உட்காரட்டும்.

ஆகவே உங்களை ஒன்று கேட்கிறேன், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். வந்து, உங்கள் அத்தைக்கு எதிரிலேயே ஒரு பொய் சொல்லுங்கள். "நான் தெரியாம சொல்லிட்டேன் அத்தை, வெளிச்சத்தமும் பதியும், மாமா எல்லாரையும் அமைதியா இருக்கச் சொன்னது சரிதான்" என்று சொன்னால் போதும். மாப்பிள்ளை சொன்னால் அவள் நம்புவாள். உங்கள் படிப்புக்கு அது இழுக்குத்தான், எனக்குத் தெரியும். மாமனார் உயிரைவிட அது பெரிதில்லை என்று நினைத்துச் செய்யுங்கள்.

நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் சத்தமாகப் போட்டு, அன்றைக்கே முடித்துக்கொண்டு, நீண்ட காலம் பேசிப் பேசியே வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பேச ஆளில்லாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் கீபோர்டைத் திறந்தேன். எல்லாவற்றையும் நீங்கள் சொன்னபடி ஒரு ஸ்தாயி மேலே தள்ளிவிட்டேன், எருமை போய்விட்டது. மேல் கோடியில் மட்டும் அலுப்பில் ஒட்டும் போடாமல், கடைசி வாலையும் வெட்டாமல், கடைசியாகப் பதிந்த ஒன்றையே மீதிக் கட்டைகளுக்கெல்லாம் இழுத்துவிட்டிருந்தேன். அதில் ஒன்றை அழுத்தி, ஏதோ யோசனையில் விரலை எடுக்காமல் இருந்துவிட்டேன். காற்று ஓய்ந்தது. அதற்குப் பிறகு மெல்ல ஒரு குரல்: "பாவம் மனுஷன். எவ்வளவு கஷ்டப்படறார்."

உங்கள் அத்தை! உடனே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பதிவு கம்ப்யூட்டருக்கு உள்ளே நடக்கவே இல்லை மாப்பிள்ளை. லேப்டாப்பின் மைக்கைத் தேர்வு செய்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரிலிருந்து வந்ததை அது வெளியிலிருந்துதான் கேட்டுப் பதிந்திருக்கிறது. அதாவது அமைதி வேண்டித்தான் இருந்தது. விசிறி, பிரிட்ஜ், மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தியது சரி. நான் சொன்னதுதான் சரி! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இன்னொரு தரம் அழுத்தினேன். பக்கத்துக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தினேன். மூன்று அத்தைகள், ஒருத்தி அணில் குரலில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு என்னைப் பாவம் என்றார்கள்.

அடுத்த அறையில் தையல் மெஷின் நின்றது. கதவருகே வந்து நின்றாள். "யாரது, என் குரல்ல பேசறது?" என்றாள். பேசினாள், மாப்பிள்ளை! "நீதான்" என்றேன். "நான் எப்போ சொன்னேன்? உங்களைப் போய் நான் ஏன் பாவம்னு சொல்லப் போறேன்?" என்றாள். சாட்சி என் விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. மைக் திறந்திருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் ஜெயித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "நீ சொல்லியிருக்க மாட்ட. கம்ப்யூட்டர் தானா ஏதோ பண்ணியிருக்கு" என்றேன். "எங்க, அந்த அணிலை இன்னொரு தரம் அழுத்துங்க" என்று பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சிரித்தாள். அப்புறம் ஆரம்பித்தாள், இதை எழுதும்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். இப்போது மாடி வீட்டுக்காரர் கதவைச் சாத்திய கதைக்கு வந்திருக்கிறாள்.

ஆகவே மேலே கேட்ட பொய் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அன்று போனில் சொன்னதையே மறுபடி அழுத்தமாகச் சொல்லுங்கள்: வெளிச்சத்தம் ஒரு துளிகூடப் பதியாது, மாமாதான் தேவையில்லாமல் எல்லோர் வாயையும் கட்டிவிட்டார். உண்மை உங்களோடும் என்னோடும் இருக்கட்டும். நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.