ஹார்டன்பெக் மலையில் ஓர் அசல் வண்டி

அசல் என்பது விலைமதிப்பற்றது. யார்க்‌ஷயரில் அதன் விலை நாற்பத்தைந்து பவுண்டு, தேநீரும் பிஸ்கட்டும் உட்பட.

அந்தத் தொகையைக் கட்டினால் ஹார்டன்பெக் பழைய வாகனக் கழகத்தின் 'அசல்தன்மை ஆய்வுக் குழு' வீடு தேடி வரும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று சான்றிதழ் தரும். அது இல்லாமல் ஜூன் மாத மலைப் பவனியில் யாரும் சக்கரம் உருட்ட முடியாது. பிளம்பர் கிளெமென்ட் ஆக்ராய்ட் தம் 1911 மோட்டார் சைக்கிளோடு ஒன்பது வருஷம் வேலிக்கு வெளியே நின்று கை தட்டியவர். அவர் செய்த குற்றம் ஒன்றுதான்: வண்டியை ஓட்டினார். ஓட்டியதில் தேய்ந்தது, தேய்ந்ததை மாற்றிவிட்டார்.

பத்தாவது வருஷம் பழைய பாகங்களைத் தேடிப் பிடித்துப் பூட்டிவிட்டுக் குழுவை அழைத்தார். தலைவர் பெவரில் ஹிண்டில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிரசவம் பார்க்கிறவர்போல் குனிந்தார்.

"மிஸ்டர் ஆக்ராய்ட், முன் சக்கரத்துல இது என்ன?"

"பிரேக் சார்."

"வேலை செய்யுதா?"

"கெட்டியா பிடிக்கும் சார்."

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. 1911-ல எந்த பிரேக்கும் கெட்டியா பிடிக்காது."

"அப்ப வண்டியை எப்படி சார் நிறுத்தினாங்க?"

"ஹார்ன் அடிப்பாங்க. மத்தவங்க நின்னுக்குவாங்க."

தேநீர்த் தட்டோடு வந்த மனைவி வினிஃப்ரெட் கேட்டாள்: "பிரேக்கைக் கழட்டிட்டு அந்த மலையில இறங்கப்போறியா, கிளெம்? மூளையையும் கழட்டிக் கொடுத்துடு. அதுதான் அசலா இருக்கு. இதுவரைக்கும் ஓட்டினதே இல்ல."

குழு சிரிக்கவில்லை, விதிகளில் மூளை வரவில்லை. கிளெமென்ட் ஸ்பேனரை எடுத்தார். பிரேக் இருந்த இடத்தில், விதிப்படி, தோல் வைத்த மரக்கட்டை ஒன்று ஏறியது. மழை பெய்யாத நாளில் அது கொஞ்சம் உரசும். அங்கேயே முத்திரை குத்தினார்கள்.

பவனி அன்று யார்க்‌ஷயர் மழையும் அசலாகவே பெய்தது. மலையடியில் கழகத்தின் 1914 மாடிப் பேருந்து குறுக்கே நின்றது. அசல் கெட்டுவிடுமே என்று அதை ஓட்டுவதே இல்லை. லாரி முதுகில் ஏறித்தான் வரும். மேல்தளத்தில் குடை பிடித்துக்கொண்டு குழு உட்கார்ந்திருந்தது. கிளெமென்ட் உச்சியிலிருந்து கிளம்பினார். வேலிக்கு வெளியே இருந்தவர்கள் இந்த முறை அவருக்குக் கை தட்டினார்கள். பாதி இறக்கத்தில் கட்டையை அழுத்தினார். கட்டை இணங்கியது, வேகம் இணங்கவில்லை. ஹார்னை அமுக்கினார்.

விதிப்படி பேருந்து நின்றது. காலையிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஹிண்டில் நேரில் வந்தார்.

"வண்டி எப்படி இருக்கு சார்?"

"கவலையே வேண்டாம். வளைஞ்சது, நசுங்கினது எல்லாமே அசல் பாகம்தான். உங்களை நினைச்சாதான் சங்கடமா இருக்கு. இடுப்புல எஃகு வெச்சிட்டாங்களாமே?"

கழகக் குறிப்பேட்டில் அன்றைய கணக்கு இப்படி முடிகிறது: அசல், முழுவதும் பத்திரம். வட்டி, இடுப்பெலும்பு ஒன்று, விலா எலும்பு மூன்று. உறுப்பினர் ஆக்ராய்ட் செலுத்திவிட்டார். குழு தரவேண்டிய பாக்கி, ஏதுமில்லை.