வாசலில் கிடந்த கம்பு

இனிமேல் தன் வீட்டில் கூரையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று செபாஸ்டியன் முடிவு கட்டினான். யாரும் என்றால் ரோசலின். அந்த வீட்டில் அவன் மனைவியைத் தவிர வேறு ஆள் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறைக்குப் பின்னால், ஒரே வாசல் வைத்த, கீற்று வேய்ந்த சின்ன அத்தாப்பு வீடு அது. அடுப்படிக்கு நேர் மேலே கூரையில் ஓர் ஓட்டை. முதலில் அதன் வழியே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. மூன்று மாதத்தில் நிலா முழுசாகத் தெரிந்தது. மழை பெய்தால் ரசம் தானாகவே பெருகியது.

"வேஞ்சு குடுங்க" என்பாள் ரோசலின்.

"நாளைக்கு" என்பான் செபாஸ்டியன்.

அவனுக்கு நேரம் ஏது? பட்டறை விட்டதும் அவன் கால்கள் நேரே வேலாயுத வாத்தியாரின் சிலம்பக் கூடத்துக்குப் போய்விடும். அந்தக் கூடத்தை நினைத்தாலே அவன் கை தானாகக் குவியும். செருப்பு வெளியே. வெற்றிலை வெளியே. வம்பும் வெளியே. உள்ளே போனதும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். "மண்ணைத் தொட்டப்புறம் உன் சாமியை நீ கும்பிட்டுக்க, செபஸ்தி" என்று முதல் நாளே வாத்தியார் சொல்லிவிட்டார். அதனால் அவன் மண்ணைத் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான்.

வாத்தியார் சுழற்றும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றில் ஒரு வட்டம்தான் தெரியும். வட்டத்துக்குள் அவர் யாருக்கோ காத்திருப்பவர் போலச் சும்மா நிற்பார்.

ஒருநாள் புதிதாக வந்த ஒருவன், தரையில் கிடந்த கம்பைத் தெரியாமல் தாண்டிவிட்டான். வாத்தியார் திட்டவில்லை. அறுபது வயது மனிதர் தாமே குனிந்து, கம்பைத் தொட்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கம்பைத் தாண்டக் கூடாது" என்றார் நிமிர்ந்து. "ஒருத்தர் கிடத்தின கம்பைக் கிடத்தினவங்கதான் எடுக்கணும். அதுவரைக்கும் ஆட்டம் அப்படியே நிக்கணும்."

செபாஸ்டியனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நாற்பது நாள் அந்தக் கூடத்தை அவன்தான் கூட்டினான். வீட்டில் விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. நாற்பத்தோராம் நாள் வாத்தியார் அவனுக்கென்று ஒரு கம்பு கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் அந்த அருமையான யோசனை பிறந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"ரோசலி, கம்பு இருக்கிற இடம் களம். இதுக்கு முன்னாடி சத்தம் போடக் கூடாது. குறை சொல்லக் கூடாது."

"கூரை ஒழுகுதுன்னு சொல்லலாமா?"

"அது குறைதானே?"

ரோசலின் கோபப்படவில்லை. முகவாயில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள். "வேற என்னென்ன சட்டம் இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க."

அவன் பரவசத்தோடு ஒன்று விடாமல் சொன்னான்.

நான்கு நாள் வீடு கோயில்போல அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் ரோசலின் தெருக் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் ஒரு புன்னகையுமாகத் திரும்பினாள்.

"பைப்படியில வாத்தியார் சம்சாரம் வீரம்மாக்காவைப் பார்த்தேன். அந்தச் சட்டமெல்லாம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்ட சீடனுக்கு மட்டும்தானாம்."

"அதனால?"

"நான் சத்தம் போடலாம். நீங்கதான் போடக் கூடாது."

செபாஸ்டியன் வாயைத் திறந்தான். கம்பைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த வாரம் கிள்ளானில் உள்ள கூடத்தாரோடு ஆட்டம். வாத்தியார் ஒரே ஒரு சீடனைத்தான் ரயிலில் கூட்டிப்போவார். அது யார் என்று இன்று நாலு மணிக்குத் தேர்வு. பூசைக்குப் போய் வந்ததிலிருந்து செபாஸ்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வாசற்படியின் குறுக்கே கம்பு கிடந்தது. பக்கத்தில் ரோசலின் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோசலி, கம்பு விழுந்து கிடக்கு பாரு."

"விழல. நான்தான் கிடத்தினேன்."

தூக்கிய காலை அவன் மெல்லக் கீழே வைத்தான்.

"எடு."

"எடுக்கிறேன். கூரை வேஞ்சதும்."

"நாலு மணிக்குத் தேர்வுடீ!"

"சத்தம் போடாதீங்க. கம்பு இருக்கு."

செபாஸ்டியன் மூளையைக் கசக்கினான். வெளிச்சம் பிறந்தது. "கூரை மேல ஏறணும்னாலும் வாசல் வழியாத்தானே வெளிய போகணும்?"

"எதுக்கு? ஓட்டை வழியாவே போங்க. மூணு மாசத்துல உங்க அளவுக்கு வந்திருச்சு. மேசை போட்டு வெச்சிருக்கேன். கீத்தும் அடுப்படியில இருக்கு."

தாண்டிவிட்டால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? காலைத் தூக்கினான். அறுபது வயது மனிதர் குனிந்து கம்பிடம் மன்னிப்புக் கேட்பது கண்ணுக்குள் தெரிந்தது. கால் கல்லாகிக் கீழே இறங்கியது. மேசை மேல் ஏறினான்.

கூரை மேல் வந்ததும் குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஆனால் சொந்தக் கம்பு இல்லாமல் தேர்வில் நிற்க முடியாது. சொந்தக் கம்பு வாசலில் கிடந்தது. அவன் கீற்றைக் கையில் எடுத்தான். அடுத்த தெருவில், தூரத்தில், ஒரு வெள்ளை வேட்டியும் கூரை மேல் குந்தியிருந்தது. 'பாவம், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா!' என்று இரக்கப்பட்டான். அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

வேய்ந்து முடித்து, தண்ணீர்ப் பீப்பாய் மேல் கால் வைத்து இறங்கும்போது மணி ஐந்தரை. ரோசலின் கம்பை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனிடம் நீட்டினாள். வாத்தியார்கூட அவ்வளவு முறையாகக் கொடுத்ததில்லை.

அவன் ஓடினான். கூடம் காலியாக இருந்தது. மண்ணைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, பின்புறம் இருந்த வாத்தியார் வீட்டுக்குப் போனான்.

சீடர்கள் எல்லாரும் வரிசையாக நின்று கீற்றைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியின் குறுக்கே வாத்தியாரின் பழைய கருங்கம்பு கிடந்தது. பக்கத்தில் வீரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூரை மேல் வெள்ளை வேட்டியில் வாத்தியார்.

"செபஸ்தி!" என்றார் மேலிருந்து. "முப்பது வருசமா இந்தச் சட்டத்தை நான் சொல்லிக் குடுக்கிறேன். அதுக்குள்ள இப்படி ஒரு அடி ஒளிஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாது. பைப்படியில யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருடா அது?"

வாத்தியார் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதுவும் சட்டம்.

"என் சம்சாரம், வாத்தியாரே."

வாத்தியார் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தார். பிறகு, மண் எட்டாததால், கூரை மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கிள்ளானுக்கு அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போவோம். நீ அந்தக் கீத்தை எடுத்துக் குடு."