அண்ணனுக்கு, அந்த இசைத்தட்டுக் கும்பல் பற்றி

அன்பும் மரியாதையும் மிகுந்த பெரியண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் முட்டிவலியும் அண்ணியின் தலைசுற்றலும் குறைந்திருக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்றவள் நான், வரிசை தப்பினால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். அண்ணிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவர் தன் தங்கையிடம் சொல்வார், அப்புறம் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் என்னவென்றால், உங்கள் மச்சான் என்னை ஏமாற்றியிருக்கிறார். போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆன மனிதரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பீர்கள். இருந்திருந்தால் அவரையே கேட்டிருப்பேனே. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், "சங்கத்துக் கூட்டம்" என்று கிளம்புவார். ஆறு மணிக்குச் சிரித்த முகமாக வருவார். சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்ச் சிரித்த முகமாக வந்த ஒரு தொழிலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனிச் சங்கத் தலைவர் துக்கம் கேட்க வந்தவர், "நல்ல மனுஷன் அக்கா, ஆனா ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்கிறார்.

அன்றைக்கே அவருடைய போனைத் திறந்தேன். அதில் வாட்ஸ்அப்பில் ஒரு கும்பல். பல் டாக்டர், சலவைக்கடை, பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அப்புறம் டீச்சர். டீச்சர் என்றால் பொம்பளை, அண்ணா. வாரம் ஒரு ராக் இசைத்தட்டைச் சொல்வார்களாம், எல்லோரும் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். ராக் உங்களுக்குத் தெரியும், இவர் முன் அறையில் அலமாரி நிறைய வைத்திருந்தாரே, பாத்திரக் கடையில் இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி, அதுதான். அதைப் போட்டாலே நான் அடுப்படியில் இருந்து கத்துவேன். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஏதோ துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பார். லிஃப்ட் சாமான் பட்டியல் என்று நினைத்திருந்தேன். இதற்கு ஒரு கூட்டமா, அதுவும் பொய் சொல்லிவிட்டுப் போகிற கூட்டமா, சொல்லுங்கள். நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அந்த டீச்சர் குரல் பதிவு போடுகிறாள்: "இந்த வாரம், கடலுக்கு நடுவுல படிக்கட்டு நிக்குற அட்டை போட்ட தட்டு. உங்க அபிப்பிராயம் வரலன்னா கூட்டம் சப்புனு இருக்கும்." செத்தது தெரியாமல் பேசுகிறாள் என்று புரிந்தது. தெரிந்தால் எல்லோரும் உஷாராகி வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் மாதிரியே நான் பதில் போட்டேன்.

சும்மா போட முடியுமா, கேட்டுவிட்டுத்தானே போட வேண்டும். படிக்கட்டு அட்டையைத் தேடி எடுத்து, பாட்டுப்பெட்டி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுசும் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தடவி எழுதினேன்: "ஒன்பது நிமிஷமாக இந்த ஆள் கதவைத் தட்டுகிறான். வீட்டில் யாரும் இல்லை என்று அவனிடம் யாராவது சொல்லக் கூடாதா." பல் டாக்டர் சொல்கிறார், "அட, பழைய ஆள் திரும்பி வந்துட்டார்யா." அடுத்த வாரம் கண்ணாடி போட்ட மீன் அட்டை. "கிதார்க்காரன் சண்டை முடிந்து வாசல் வரைக்கும் போனவன், இன்னும் ஒரு வார்த்தை பாக்கி என்று திரும்பித் திரும்பி வருகிறான், என் நாத்தனார் மாதிரி" என்று எழுதினேன். நாத்தனார் என்ற வார்த்தையை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அவருக்கு ஏது நாத்தனார். ஒருவர்கூடக் கேட்கவில்லை, அண்ணா. எனக்கு அதுவே சந்தேகம்.

இன்னொன்று கேளுங்கள். ஏழு வாரத்தில் ஏழு தட்டும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிற தட்டு. உலகத்தில் வேறு தட்டே இல்லையா? நம் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்தக் கும்பலுக்கு எப்படித் தெரியும்? இவர் இல்லாதபோது யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் இவரே டீச்சரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார். அடக்கத்தன்று செருப்பு விடும் இடத்தில் ஐந்து பேர் நின்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் கம்பெனி ஆட்கள் என்று நினைத்தேன், கம்பெனி ஆட்கள் நம் சொந்தம் என்று நினைத்தார்களாம். அதில் கட்டைமுடி வைத்த ஒருத்தி என்னைவிட அதிகமாக அழுதாள். இப்போது அதையும் இதையும் கூட்டிப் பார்க்கிறேன்.

முப்பது வருஷம் குடித்தனம் செய்தவரின் ஞாயிற்றுக்கிழமை யாரோடு போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் நிம்மதியாக அழக்கூட முடியவில்லை, பாதி அழும்போதே கோபம் வந்துவிடுகிறது. அதனால் வருகிற ஞாயிறு நீங்கள் வர வேண்டும். சலவைக்கடை மாடியில்தான் கூடுகிறார்கள். நீங்கள் மீசையோடு வாசலில் நின்றால் போதும், நான் பேசிக்கொள்கிறேன். திரும்பும்போது அலமாரியில் உள்ள அத்தனை தட்டையும் உங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது தொலைத்துவிடுங்கள். எனக்கு அந்தச் சனியன் ஒன்றுகூட வேண்டாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நீங்கள் மாத்திரையை மறக்காதிருங்கள். உங்கள் குடும்பம் நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: வர வேண்டாம், அண்ணா. கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுப் பொறுக்க முடியாமல் இந்த ஞாயிறே நானே போய்விட்டேன், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சலவைக்கடை மாடி, நீராவி வாடை, ஆறு நாற்காலி. ஐந்து பேரும் அந்தச் செருப்பு இடத்து ஐந்து பேர்தான். கட்டைமுடிக்காரிதான் டீச்சர், அறுபத்தைந்து வயசு, பஸ் டிரைவரின் பெண்சாதி. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர், "நீங்கதான் அடுப்படியா?" என்றார்.

அங்கே ஒரு வழக்கம். அபிப்பிராயத்தைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், இன்னொருவர் எடுத்து வாசிப்பார். பதினொரு வருஷத்துச் சீட்டும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மச்சான் கையெழுத்தில் நான் கத்தியது எல்லாம் ஒன்று விடாமல் இருக்கிறது. "குக்கர் விசில்கூட இதைவிட ராகமாக வருகிறது." "இவன் அழுகிறதைப் பார்த்தால் சோறு போட வேண்டும்போல இருக்கிறது." ஒவ்வொன்றின் கீழும், சொன்னது அடுப்படி. அவர் சொந்தமாக எழுதியது இரண்டே இரண்டாம். "ரெண்டும் படு மோசம்மா" என்றார் பல் டாக்டர். அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவரே பட்டியல் கொடுத்திருக்கிறார், நான் கேட்பதற்காக அதிலிருந்தே பார்த்துப் பார்த்துச் சொன்னார்களாம். போனை நான் திறந்ததுமே தெரிந்துகொண்டு, டீச்சர் அந்தக் குரல் பதிவைப் போட்டதே எனக்காகத்தானாம்; முதல் வாரத்தில் இருந்து பதில் போடுவது நான்தான் என்று தெரியுமாம்.

"என்கிட்ட ஏன் மறைச்சார்?" என்று கேட்டேன். டீச்சர் சொன்னாள், "தெரிஞ்சா நீங்க யோசிச்சுப் பேச ஆரம்பிச்சிடுவீங்கன்னு பயந்தார்."

வேன் வேண்டாம். வீட்டுக்கு வந்து அடுத்த வாரத் தட்டைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றேன், அங்கிருந்து கேட்டால்தான் எனக்குச் சரியாக வருகிறது. பாதியில், சத்தத்தைக் குறையுங்கள் என்று கத்திவிட்டேன். குறையவில்லை. அதையும் எழுதி டப்பாவில் போடப் போகிறேன்.