வெந்தயக் கவசம்

யாரும் யாரையும் வெட்ட வராத ஊரில், ஒரு சிறு பட்டாளமே மாட்டிக்கொண்டு கிளம்புமளவுக்குக் கவசம் சேர்த்து வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் புதுக்கோட்டை வடக்கு மூன்றாம் வீதியில் எனக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். மார்க்கவசம், தோள்பட்டை, கைக்கூடு, தலைக்கவசம் என்று அவர் அறை முழுக்கத் தொங்கும். அரண்மனையில்கூட அவ்வளவு இருந்திருக்காது. இருந்திருந்தாலும் அதில் வெந்தய வாசனை அடித்திருக்காது.

கவசக் கம்பவுண்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பது பிழைப்பு. கவசம் செய்வது மூச்சு. பழைய பத்திரிகைகளை ஊறப்போட்டு, வெந்தயமும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்து உரலில் இடித்து, அந்தக் கூழை அச்சின் மேல் அப்பி, நடுநடுவே கிழிந்த வேட்டித் துணியை ஒட்டி வெயிலில் காயவைப்பார். காய்ந்ததும் மஞ்சள் வர்ணம், அதன்மேல் வார்னிஷ். பத்தடி தூரத்தில் பார்த்தால் பித்தளை. பக்கத்தில் போனால் சாம்பார்.

தெருவிலிருந்த பெண்கள் எல்லாரும் அதே கூழில்தான் கூடை செய்தார்கள். ஆகவே, கம்பவுண்டரும் கூடைதான் செய்கிறார், பாவம், சரியாக வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"ஏங்க கம்பவுண்டரே, கூடைக்கு எதுக்குங்க கழுத்து?"

"இது கூடை இல்லம்மா. மார்க்கவசம்."

"அப்பத் தவிடு கொட்டி வைக்க முடியாதா?"

"முடியாதும்மா."

"பெறகு எதுக்கு இம்புட்டு வெந்தயத்தப் பாழாக்குறீங்க?"

எதற்கும் கோபப்படாத மனிதர் 'கூடை' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

இருமலோடு மருந்துக்கு வருகிறவர்களை அவர் பார்க்கும் பார்வையே வேறு. சீசாவைக் கையில் கொடுப்பதற்கு முன் முதுகில் சாண் போட்டு அளந்துவிடுவார். "நல்ல அகலமான தோளுங்க. சளியக் கட்டிக்கிட்டு வீணாக்கிறாதீங்க" என்பார். வந்தவர் தனக்கு என்ன வியாதியோ என்று வீடு போய்ச் சேரும்வரை நடுங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பார்வை என்மேல் விழுந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வகுப்பில் தினம் ஒரு கோட்டையைப் பிடிப்பேன். வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட என்னை அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, ஒங்களுக்கு ராஜா ஒடம்புங்க" என்றார். நாடகத்து ராஜாக்களுக்குத் தொப்பை இருக்கும் என்பதை யோசிக்காமல் நான் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

மார்பில் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுவது போல மாவுக்கட்டு போட்டார். என் உடம்பையே அச்சாக எடுக்கப்போகிறாராம். முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு சுட ஆரம்பித்தது.

"கம்பவுண்டரே, சுடுதுய்யா!"

"மாவு இறுகுறப்பச் சுடத்தாங்க செய்யும். பேசாதீங்க, நெஞ்சு ஆடுது."

"வேகுதுய்யா!"

"வேகாதுங்க. வெந்தா ஆவி வரும்ல?"

நான் குனிந்து ஆவி வருகிறதா என்று பார்த்தேன். ஆனால் உண்மையான சோதனை கழற்றும்போதுதான் வந்தது. எண்ணெய் தடவ மறந்த இடம் ஒன்று இருந்திருக்கிறது. அன்று நான் போட்ட கூச்சலில், வீதியில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த என் மாணவர்கள் சில புதிய வார்த்தைகளைக் கற்றுக்கொண்டார்கள். அன்று போன முடி இன்றுவரை வரவில்லை.

அந்த அச்சில் அவர் செய்ததுதான் சிங்கக் கவசம். மார்பில் இரண்டு கண், நடுவே மூக்கு, தொப்பை முழுக்கத் திறந்த வாயும் தாடையும். பிடரிமயிரை ஒவ்வோர் இழையாக நூலில் செய்து ஒட்டினார். மாதக்கணக்கில் அந்தச் சிங்கத்தோடுதான் பேசினார். திருச்சியில் முகாம் போட்டிருந்த நாடகக் கம்பெனி முதலாளி ஒருவர், மற்றதெல்லாம் வேண்டாம், அந்தச் சிங்கத்தை மட்டும் வருகிற வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் ராஜா வேஷத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்.

"மேடை வெளிச்சத்துல ஒரே ஒரு வாட்டி பாத்துட்டாப் போதுங்க வாத்தியாரே" என்பார். அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட ஒரே ஆசை அது.

அந்தச் சமயம் பார்த்து ஜப்பான்காரன் வந்தான். வரவில்லை, வரப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு அது போதும். மதராஸிலிருந்து மூட்டை முடிச்சோடு ஜனங்கள் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். நான் பருந்து பறந்தால் குனிந்தேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் மேஜைக்கடியில் போனேன். வகுப்பில் கோட்டை பிடிப்பதை நிறுத்திவிட்டு, அசோகர் மரம் நட்டதை மட்டும் திரும்பத் திரும்ப நடத்தினேன்.

இந்த நிலையில் மீமிசலில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை ஆள் அனுப்பியிருந்தாள். குழந்தைக்கு வியாழக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். போகாவிட்டால் அவள் புகுந்த வீட்டில் தலைநிமிர முடியாது. ஆனால் மீமிசல் என்றால் கடல். கடல் என்றால் கப்பல். கப்பல் என்றால் ஜப்பான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கம்பவுண்டரிடம் போனேன்.

"அந்தச் சிங்கத்த ஒரு நாளைக்குக் குடுங்க. சட்டைக்குள்ள போட்டுக்கிறேன்."

அவர் திகைத்துப்போனார். "காயிதம்ங்க அது. காக்கா கொத்துனாலே ஓட்டை விழும்."

"குண்டு வந்தா, சிங்கத்தப் பாத்துக் கொஞ்சம் யோசிக்கும்ல?"

"வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரரு வாராருங்க..."

"வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள திரும்பிரலாம்யா. நான் உயிரோட இருந்தா நானே மாட்டிக் காட்டுறேன்."

அவர் சிங்கத்தின் பிடரியை ஒருமுறை தடவி விட்டார். பிறகு, "சரி, நானும் கூட வாரேன்" என்றார். "ஒரு நாள் முழுக்க யாரும் போட்டு நடந்து பாக்கலை. வெடிப்பு விடுதான்னு பாக்கணும். ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். இது நிக்கிற ராஜாவுக்குச் செஞ்சது. உக்கார முடியாது."

"கப்பல் வந்தா நான் உக்காந்துக்கிட்டா இருப்பேன்?"

புறப்படும் அன்று காலையில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நாடாவால் கட்டினார். விலாவில் இடுக்குத் தெரிந்தது. "இந்த வழியா வந்தா?" என்றேன். துணி வைத்துப் பசை தடவி ஒட்டினார். "இன்னொண்ணு" என்றேன். ஒட்டினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." கடைசியில் பலாப்பழத்துக்குள் சுளை மாதிரி நான் உள்ளே முழுசாக அடைபட்டேன். தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறினால்தான் கழற்ற முடியும் என்று சொல்லிவிட்டார். அதன்மேல் ஒரு தொளதொள ஜிப்பா.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினோம். பாதி வண்டி காலி. நான் மட்டும் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"எடம் இருக்கே, உக்காருங்களேன்" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க, நிக்கிறேன்."

கண்டக்டர் அனுதாபத்தோடு குரலைத் தாழ்த்தினார். "மூலமா?"

"முத்திப்போச்சுங்க" என்றார் கம்பவுண்டர், நான் வாய் திறப்பதற்குள்.

அறந்தாங்கியில் வண்டி மாறக் காத்திருந்தபோது வியர்வையில் வெந்தயம் ஊற ஆரம்பித்தது. ஒரு பசுமாடு என்னை நோக்கி வந்தது. நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. "அசையாம நில்லுங்க, வார்னிஷ நக்கிரப் போகுது!" என்று கம்பவுண்டர் துண்டை வீசி மாட்டை விரட்டினார். அவர் கவலையெல்லாம் சிங்கத்துக்கு. எனக்காக அந்த ஊரில் கவலைப்பட்டது நான் ஒருவன்தான்.

மீமிசலில் இறங்கியதும் கடலைப் பார்த்தேன். நாலைந்து மீன்படகுகள் தெரிந்தன. பொத்தென்று தரையில் படுக்க முயன்றேன். கவசம் குனியவிடவில்லை. படகிலிருந்தவர்கள் கையசைத்தார்கள், நானும் அசைத்து வைத்தேன்.

வாசலிலேயே தங்கை புருஷர் ஓடிவந்து, "வாங்க மச்சான்!" என்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். 'டொக்' என்றது. இன்னொரு தடவை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். 'டொக், டொக்.'

"என்ன மச்சான், கதவத் தட்டுற மாதிரி இருக்கு?"

நான் செத்துப்போனேன். ஜப்பானுக்குப் பயந்து காகிதம் கட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால், என் தங்கை அந்த வீட்டில் இருக்கும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார்கள். அப்போது பின்னாலிருந்து அமைதியான குரல் ஒன்று வந்தது.

"மாவுக்கட்டுங்க. நெஞ்செலும்பு விட்டுப்போச்சு. நான்தான் கம்பவுண்டரு. வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, தாய்மாமன் நான் போயே தீருவேன்னு கெளம்பி வந்துட்டாரு."

வீடே உருகிவிட்டது. தங்கை, "அண்ணே!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் உடனே இருமிக் காட்டினேன். ஆனால், தாய்மாமனுக்குச் சட்டையைக் கழற்றித் துண்டு போர்த்துகிற முறை ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். ஜிப்பாவைத் தூக்கினார்கள். சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு எல்லாரையும் பார்த்தது.

"கட்டுல எதுக்குங்க சிங்கம்?" என்றார் தங்கையின் மாமியார்.

"இது எங்க சமஸ்தானத்துக் கட்டுங்க" என்றார் கம்பவுண்டர், கண்ணிமைக்காமல். "சிங்கத்தப் பாத்தா எலும்பு பயந்துக்கிட்டுச் சீக்கிரமாக் கூடிரும்."

"எங்க பக்கம் வெறும் மூங்கிப் பத்தைய வச்சுல்ல கட்டுறாக" என்று அந்த அம்மாள் ஏக்கத்தோடு சொன்னார்.

மணை போட்டார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நான் உட்கார முயன்றேன். சிங்கத்தின் தாடை தொடையில் இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். ஆமை மாதிரி மல்லாந்து விழுந்தேன். நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

கூட்டத்தில் எங்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தான். அவன் ஏற்கெனவே பக்கத்தில் சம்மணம் போட்டு, மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நல்ல நேரம் போகுதுல்ல" என்றார் மாமியார். "ஒண்ணுவிட்டவனும் மாமந்தானே? புள்ளைய அங்கிட்டுக் குடு."

தங்கை குழந்தையை இடுப்பில் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

நான் விலாவைப் பிய்த்துப் பார்த்தேன். கேட்டுக் கேட்டு ஒட்டவைத்த இடமாயிற்றே, சிரட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. இளகியிருந்தது வியர்வை ஊறிய வயிற்றுப் பக்கம் மட்டும்தான். கம்பவுண்டர் விரலால் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்தார். அங்கேதான் சிங்கத்தின் வாயும் தாடையும் இருந்தன.

"வேண்டாம்யா" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவர் தங்கையைப் பார்த்தார். பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"மாவுக்கட்டை அடியில கொஞ்சம் தளத்தி விடுறேன். அம்புட்டுத்தான்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். நறுக், நறுக் என்ற சத்தம் என் வயிற்றில் கேட்டது. நூல் நூலாக ஒட்டிய பிடரிமயிர் உதிர்ந்தது. சிங்கத்தின் தாடை கழன்று விழுவதற்கு முன் அதைக் கீழே விடாமல் இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன். மருமகள் என் மடியில் வந்தாள். அந்தத் தம்பி மடியை மடக்கிக்கொண்டு எழுந்து போனான். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு அலறி, கையில் கிடைத்ததைப் பிடித்து இழுத்தாள். கிடைத்தது சிங்கத்தின் மூக்கு. அது கையோடு வந்துவிட்டது. வாயில் போட்டுச் சப்பினாள். அழுகை நின்றது.

"அய்யோ, புள்ளை என்னத்தையோ திங்குது!"

"மூக்குக்கு நான் வார்னிஷ் அடிக்கலைங்க" என்றார் கம்பவுண்டர். "வெறும் வெந்தயந்தான். வயித்துக்கு நல்லது."

சாப்பாடு முடிந்து, அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் வாளி வாளியாக என்மேல் தண்ணீர் ஊற்றி மிச்சத்தையும் உரித்தெடுத்தார். கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். "தண்ணியத் தாங்கலை. அடுத்த தடவை மெழுகு சேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறியபோது வெறும் ஜிப்பாவோடு இருந்தேன். நெஞ்சில் காற்றுப் பட்டது. கூடவே பயமும்.

"நாளைக்குக் கம்பெனிக்காரருக்கு என்னத்தைக் காட்டுவீங்க?"

"முழங்கால் கவசம் ஒண்ணு இருக்குல்ல. ராஜாவுக்குக் காலும் உண்டுதானே?"

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என்னை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் போய்க் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏன்யா அம்புட்டுத் தூரம்? இங்கதான் எடம் கெடக்கே" என்று கத்தினேன்.

"இங்கிட்டுத்தாங்க காத்து வருது" என்றார்.

கரி எரியும் தொட்டி வண்டியின் பின்னால்தான் இருந்தது. அந்தச் சீட்டில் புகையைத் தவிர வேறு எதுவும் வராது. கடலும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.