சூரியகாந்தி முளையும் சிவலிங்கத்தின் கைராசியும்

வீட்டு வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது ஆயுசுக்கும் நம் தலையில் உட்கார்ந்துகொள்ளும் என்பது சிவலிங்கத்தின் கொள்கை. அதற்காக, சொன்ன வேலையை அவர் தட்டிக்கழிக்க மாட்டார். உடனே எழுந்துபோய்ச் செய்வார். எப்படிச் செய்வார் என்பதில்தான் சூட்சுமம்.

கல்யாணமான புதிதில் ஒட்டடை அடிக்கச் சொன்னாள் கண்மணி. அடித்தார். ஒட்டடை இருந்த இடத்திலேயே இருந்தது. முருகன் படம் கீழே வந்தது. அன்றோடு ஒட்டடைக் கோல் அவர் கையைவிட்டுப் போயிற்று. அடுத்து, சோறு வடிக்கச் சொன்னாள். வடித்தார். கஞ்சி பானையில் நின்றது. சோறு சாக்கடையில் போயிற்று. அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. இப்படிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒவ்வொரு வேலையாகக் கழற்றிவிட்டு, ஷிஃப்ட் முடிந்து வந்தால் நாற்காலி, பேப்பர், டீ என்று நிம்மதியாக இருந்தார் மனுஷன்.

வேலை இடத்தில் அவர் கதையே வேறு. ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் அவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் இருக்கிறதே, அதன் வடம் அவர் பிடித்த பிடியில்தான் ஓடும். மூவாயிரம் அடிக்குக் கீழேயிருந்து மணி அடித்தால் போதும். கண்ணால் பார்க்காமலே, ஓரங்குலம் பிசகாமல் கேஜைக் கொண்டுபோய் லெவலில் நிறுத்துவார். உள்ளே நிற்கிறவன் கையில் டீ இருந்தால் ஒரு சொட்டுத் தளும்பாது. அதே கை, வீட்டுப் படியேறியதும் ஒரு டம்ளரைக்கூட நேராக வைக்காது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் சூரியகாந்தி முளைமேல் ஆசை வந்தது.

கூட வேலைபார்க்கும் டக்ளஸ்தான் காரணம். ஆங்கிலோ-இந்தியர். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ரொட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். இரண்டு ரொட்டிக்கு நடுவிலிருந்து பச்சைப்பசேல் என்று ஏதோ எட்டிப்பார்த்தது.

"இன்னா மேன் அப்படிப் பாக்கறே? புல்லு இல்ல. சன்ஃபிளவர் முளை. வீட்டுக்குள்ளயே தட்டுல வச்சு வின்னி வளக்கறா. ஒரு கடி கடிச்சுப் பாரு."

வின்னி டக்ளஸின் மனைவி. சிவலிங்கம் கடித்தார். நறுக்கென்றது. பச்சை வேர்க்கடலையையும் வெள்ளரிப்பிஞ்சையும் சேர்த்து மென்றாற்போல் ஒரு ருசி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாக்கு அதையே கேட்டுக்கொண்டு வந்தது.

விதைக்குப் பஞ்சமில்லை. அந்த வருஷம் பூதிகோட்டைப் பக்கம் புதிதாகச் சூரியகாந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். கண்மணியின் அண்ணன் பெரியசாமி, கோழிக்குப் போடு என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"கண்மணி, இனிமே நம்ம வீட்லயும் முளை வளக்கணும்."

"நல்லா வளத்துக்கங்க. ரொம்ப நாளா நானும் அதத்தான் சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கேன்."

"நான் சொல்றது முளை. சூரியகாந்தி முளை."

"ஓ, முளையா? எனக்கு மூளைன்னு கேட்டுச்சு. எது கொறச்சலோ அத வளக்கறாருன்னு சந்தோஷப்பட்டேன்."

"வெளையாடாதே. தெனம் தண்ணி தெளிக்கணும், இருட்ல மூடிவைக்கணும், அப்பால வெளிச்சத்துல வைக்கணும். வேலை ஜாஸ்தி ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் பாத்துக்கினா..."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க, குழாயடி, ரேஷன் கடை, உங்க காக்கிச் சட்டை. இதுல முளை வேறயா? ஆசை உங்களுது, வளப்பும் உங்களுது."

சிவலிங்கம் சண்டை போடவில்லை. பழைய வித்தை கையில் இருக்கும்போது சண்டை எதற்கு? தாமே ஆரம்பிப்பது. கண்றாவியாகச் செய்வது. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் கண்மணியே, 'விடுங்க சாமி, நான் பாத்துக்கறேன்' என்று பிடுங்கிக்கொள்வாள். பிறகென்ன, தின்பது மட்டும்தான் இவர் வேலை.

கண்மணியின் நல்ல அலுமினியத் தாம்பாளத்தை எடுத்தார். செம்மண்ணைக் கொட்டினார். விதையை ஊறவைக்காமல் ஒரே மூலையில் குவித்தார். ஒரு செம்பு தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். தாம்பாளம் குட்டை போலாயிற்று. மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிக் கட்டிலடியில் காலால் தள்ளிவிட்டுக் கண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் குனிந்து, தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடடா! எவ்ளோ அழகா போட்டிருக்கீங்க!"

சிவலிங்கம் தாமும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'அடடா' வந்ததே இல்லை.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமலிருந்தார். நாற்றத்துக்காகக் காத்திருந்தார். நாற்றம் வரவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்தபோது ஜன்னலோரம் தாம்பாளம் உட்கார்ந்திருந்தது. ஊசி குத்த இடமில்லாமல், விரல் உயரத்துக்கு, தளதளவென்று முளை! சில முளைகள் விதைத்தோலைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, கேஜிலிருந்து ஹெல்மெட்டோடு இறங்கி வருகிற ஆட்களைப்போல நெருக்கியடித்து நின்றன.

"இது... நான் போட்டதா?"

"பின்ன நானா போட்டேன்? உங்க கைராசிங்க."

கத்தரித்து, ஊறவைத்த பாசிப்பருப்போடு தேங்காய், எலுமிச்சை சேர்த்துக் கோசம்பரி செய்தாள். பிள்ளைகள் தட்டை நக்கின. பக்கத்து வீட்டு மரியகுழந்தைக்கு ஒரு கிண்ணம் போயிற்று. எதிர்வீட்டுப் பார்வதம்மாவுக்கு ஒரு கிண்ணம். கிண்ணத்தோடு சேதியும் போயிற்று: எங்க வீட்டுக்காரர் கைப்பட்டது.

சிவலிங்கம் விடவில்லை. இரண்டாம் தடவை இன்னும் கேவலமாகப் போட்டார். சாம்பலைக் கலந்தார். மிச்சமிருந்த டீயை ஊற்றினார். அதுவும் ஒரு வாரத்தில் முன்னதைவிடச் செழிப்பாக வந்து நின்றது.

இங்கேதான் மனுஷன் வழுக்கினார். முதல் தடவை அதிசயம் என்று நினைத்தவர், இரண்டாம் தடவை கண்ணாடிமுன் நின்று தம் வலது கையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். யார் கண்டது? சில பேருக்கு அப்படி ஒரு கை அமைந்துவிடுகிறதுதானே?

மறுநாள் மரியகுழந்தை ஒரு பழைய டிரேயோடு வந்து நின்றாள்.

"அண்ணே, நான் போட்டா அழுவிப்பூடுது. உங்க கையால நாலு வெதை போட்டுக் குடுங்கண்ணே."

"அதுக்கென்னம்மா, குடு இப்படி" என்றார் சிவலிங்கம், டாக்டர் நாடி பார்க்கக் கை நீட்டுகிற தோரணையில்.

அவளைப் பார்த்துப் பார்வதம்மா வந்தாள். பார்வதம்மாவைப் பார்த்து, அந்தச் சுரங்கக் குடியிருப்பு லைனில் பதினோரு வீடு வந்தது. இப்போது மானப் பிரச்சினையாகிவிட்டது. அடுத்தவர் தட்டில் அழுகிப்போனால் கைராசி என்னாவது? டக்ளஸிடம் பக்குவத்தை அணுஅணுவாகக் கேட்டுக்கொண்டார். விதையை ஊறவைத்தார், வடித்தார், ஈரத்துணியில் கட்டினார், மண்ணைச் சலித்தார், ஒரு விதைமேல் ஒரு விதை ஏறாமல் பரப்பினார். காலை ஷிஃப்டுக்கு முன்னால் எல்லாத் தட்டுக்கும் தண்ணீர் தெளித்தார். தெளிக்கத் தண்ணீர் வேண்டுமே, குழாயடிக்குப் போனார். போகிறவர் வெறுங்கையோடா வருவது? வீட்டுக்கும் நாலு குடம் கொண்டுவந்தார்.

"கைராசிக்காரர் புடிச்ச தண்ணி, சாம்பாரே தனி ருசிங்க" என்றாள் கண்மணி.

அடுத்த வாரம் அவர் கையால் அரைத்த சட்னி தனி ருசியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் அவர் கையால் மாவு கரைத்தால்தான் தோசை மொறுமொறுவென்று வந்தது. நாற்காலியில் கண்மணி உட்கார்ந்து பேப்பர் படித்தாள். சிவலிங்கத்துக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கைராசி என்று வந்துவிட்டால் அதை முடக்கிவைக்க முடியுமா?

இப்படி இரண்டு மாசம் போனபிறகு, டக்ளஸ் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் மேன், உன் கைராசி கைராசின்றாங்களே, எனக்கு ரெண்டு டிரே முளை தரக்கூடாதா? கடன் இருக்குல்ல."

"கடனா? இன்னா கடன்?"

"மொதல்ல உன் ஒய்ஃப் வந்து வின்னிகிட்ட ரெண்டுவாட்டி வாங்கிப் போச்சே. முளைய வேரோட, பாய் மாதிரி அப்படியே பேத்து எடுத்துக்கினு போச்சு. உன் தட்டுல வைக்கறதுக்குன்னு சொல்லிச்சு. உனக்குத் தெரியாதா?"

அன்று சிவலிங்கம் கேஜை நிறுத்தியபோது ஓரங்குலம் பிசகியது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்மணி! அந்த மொதல் ரெண்டு தட்டு என்னுது இல்ல!"

அவள் பேப்பரை மடித்தாள்.

"ஆமா. வின்னியம்மாவுது. உங்களுத கோழிக்குப் போட்டேன். கோழிகூட மூக்கச் சுளிச்சுது."

"அப்ப கைராசி?"

"நான்தான் வச்சேன்."

"என்னை ஏமாத்தியிருக்கே!"

"யாரு, நானா?" கண்மணி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "மூவாயிரம் அடியில ஓரங்குலம் பெசகாத கை. ஐம்பது பேரு உசுரை நம்பிக் குடுத்துக் கண்ண மூடிக்கினு நிக்கற கை. அந்தக் கைக்கு, வீட்டுக்குள்ள வந்ததும் கஞ்சி எது, சோறு எதுன்னு தெரியாதா? பன்னெண்டு வருஷமா தெரிஞ்சுதாங்க கம்முன்னு இருந்தேன். உங்களுக்கு இன்னா வேலையெல்லாம் வரும்னு எனக்குப் பாக்கணும்னு ஆசை. பாத்தேன். எல்லாமே வருது."

சிவலிங்கம் செருப்போடு வாசல் பக்கம் திரும்பினார்.

"இப்பவே லைன் பூரா போய்ச் சொல்லிடறேன். எனக்குக் கைராசியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைலேருந்து ஒரு தட்டையும் தொடமாட்டேன்."

"சொல்லுங்களேன். அதோ பார்வதம்மா அக்காவே வர்றாங்க. அவங்களாண்டயே ஆரம்பிங்க."

பார்வதம்மா வெற்றிலைப் பாக்குத் தட்டோடு படியேறி வந்தாள். அவள் மகள் ராணிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"அக்கா, ஒரு விஷயம்" என்று சிவலிங்கம் முந்திக்கொண்டார். "என் கைல ராசியெல்லாம் எதுவும் இல்ல. அந்த மொதல் தட்டு..."

"இன்னா அடக்கம் பாரு தம்பிக்கு!" என்று பார்வதம்மா அவர் பேச்சைத் தள்ளிவிட்டுக் கண்மணி பக்கம் திரும்பினாள். "கண்மணி, முளைப்பாலிகைக்கு நவதானியம் தெளிக்கணும். பாலிகைல முளை நல்லா வந்தாதான் பொண்ணு போற எடம் செழிக்கும். ஏழு சுமங்கலி வேணும், ஆறு பேரு ஆச்சு. ஏழாவதா நீ வந்துடும்மா."

கண்மணி சிவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். சிவலிங்கத்துக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"நான் வந்து தெளிச்சா எப்படிக்கா? என் கைல வெதை வெளங்காது. இந்த வீட்ல ராசி யாருக்குன்னு லைனுக்கே தெரியும். ராணி நல்லா இருக்கணும். அவரையே இட்டுனு போங்க."

"ஆம்பளையவா?" பார்வதம்மா தாடையில் கைவைத்துக்கொண்டாள். "சுமங்கலின்னா புருஷன் உசுரோட இருக்கணுமேடி."

"உசுரோடதான இருக்காரு. இதோ நிக்கறாரே."

பார்வதம்மா சிவலிங்கத்தைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தாள்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

சிவலிங்கம் மறுக்கப் பார்த்தார். ஆனால் ராணி நல்லா இருக்கணுமே என்று பார்வதம்மா கண்கலங்கினாள். கண்கலங்குகிற பொம்பளையிடம், 'அம்மா, நான் வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் முளை போட்டேன்' என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வரிசையில் உட்கார்ந்த ஆறு பெண்களுக்குப் பக்கத்தில், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏழாவதாக உட்கார்ந்தார் ஊரிகம் வைண்டிங் டிரைவர் சிவலிங்கம். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை எட்டிப்பார்த்தார். டக்ளஸும் வின்னியும் முன்வரிசையில் இருந்தார்கள். டக்ளஸ் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். பாலில் ஊறிய தானியத்தை மூன்று தடவை அள்ளி மண்பாலிகையில் தெளித்தார் சிவலிங்கம். தெளிக்கிற கை ஒழுங்காகவே தெளித்தது. கல்யாண வீட்டில் வேறெப்படித் தெளிக்க முடியும்?

பார்வதம்மா பாரபட்சம் பார்க்கிறவள் அல்ல. எல்லோருக்கும் கொடுத்ததையே அவருக்கும் கொடுத்தாள்: வெற்றிலைப் பாக்கு, மஞ்சள், குங்குமம், மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி.

வீட்டில் கண்மணி அந்தத் துணியைப் பிரித்துத் தோள்மேல் போட்டுப் பார்த்தாள்.

"கலர் எனக்குப் பொருத்தமா இருக்குங்க. ஆனா கைக்குப் பத்தாதுபோல இருக்கு. அடுத்த கல்யாணத்துல அரை முழம் கூடக் கேட்டு வாங்கினு வாங்க."