பிரேக்கில் தாளம் போட்டவர்

“செவ்வாய், காலை. ஜீவனஹள்ளி முழுக்க வண்டி குதித்தது. இன்ஜினில் கோளாறு இல்லை.” என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. பெங்களூரின் போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் தேடுகிற யாரும் ‘டிரம்ஸ்’ அண்ணனிடம் கார் ஓட்டக் கற்றதில்லை.

மாலையில் கல்யாண மேடைகளில் டிரம்ஸ் வாசிப்பார். வீட்டு வாடகைக்காகக் காலையில் டிரைவிங் ஸ்கூல் வேலை. அவருடைய சொந்தப் பெயரை முதலாளியே மறந்துவிட்டார்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு அமுக்க. மேடையில் பெரிய டிரம்மை அடிப்பதும் பெடலை மிதித்துத்தான். எனவே பெடலைக் கண்டால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. வாய் ஏதோ பாட்டை முணுமுணுக்கும். கார் அதற்கேற்ப நின்று நின்று போகும்.

“அண்ணா, காலை எடுங்க!”

“நான் எங்க சார் அமுக்கினேன்? நீங்க கிளட்சை சரியா விடல.”

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன குரு, வண்டிக்கு விக்கலா? தண்ணி குடு!”

“டிஸ்டர்ப் பண்ணாதப்பா,” என்றார் டிரம்ஸ், கண்ணைத் திறக்காமல். “சாயங்காலம் ஆஸ்டின் டவுன்ல ரிசெப்ஷன். புதுப் பாட்டு.”

வண்டிதான் தானாக நிற்கிறதே என்று நான் பிரேக்கையே மறந்துபோனேன். லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டருக்குத் தாளம் போடும் பழக்கம் இல்லை. நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன்.

முதலாளி என் எதிரிலேயே கத்தினார். “இன்னொரு தடவை இவரு ஃபெயிலானா, நீ போய் முழு நேரமும் மேளம் அடிச்சுக்கோ. இந்தப் பக்கம் வராத!”

“மேளம் இல்ல ஓனரே, டிரம்ஸ்.”

திருத்தம் சொல்கிற நேரமா அது! ஆடி மாதம் ஒரு கல்யாணமும் இருக்காது. அப்போது அவர் வீட்டு அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். ஆனால் வியர்த்தது எனக்கு.

மறுநாள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது காலை இடது தொடைக்கு அடியில் திணித்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.

“அவசரம்னா என்ன பண்ணுவீங்க?”

“கத்துவேன் சார்.”

கத்தினார். அதையும் தாளத்தோடுதான் கத்தினார். வாரக்கணக்கில் அந்தக் கால் கீழே இறங்கவில்லை. எரிச்சலோடு நான் பிரேக் போடக் கற்றேன், பாஸும் ஆனேன். செய்தியைக் கேட்டதும் “அப்பாடா” என்று காலை நீட்டினார். வேலை தப்பியது.

அன்று மாலைக் கச்சேரியில், பாட்டு ஆரம்பித்ததும் அவர் பழக்கத்தில் ஸ்டூல் மேல் சம்மணம் போட்டுவிட்டார் என்றும், பெரிய டிரம் கடைசிவரை ஒலிக்கவேயில்லை என்றும் கீபோர்டுக்காரர் சொல்கிறார்.

“அவனுக்குக் காதே கேக்காது சார்,” என்கிறார் டிரம்ஸ்.

சிக்னலில் என் வண்டி ஒழுங்காக நிற்கும்போதெல்லாம், கீபோர்டுக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டுமே என்றிருக்கிறது. இரு தரப்பையும் விசாரித்துவிட்டேன். இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.